பரோவின் தீர்ப்பு பரோவுக்கே

இங்கிலாந்தில் கவுன்சில் தேர்தல் வியாழக்கிழமை நடக்கும். வெள்ளிக்கிழமை காலையில் தொலைக்காட்சியைப் போட்டால் ஒரே பேச்சுதான். பிரதமர் பதவியில் நீடிப்பாரா, எதிர்க்கட்சித் தலைவருக்கு அடுத்த பிரதமராகும் யோகம் உண்டா, இன்றே பொதுத் தேர்தல் வந்தால் யாருக்கு எத்தனை இடம் கிடைக்கும் என்று பேசிக்கொண்டே இருப்பார்கள். எந்த வார்டில் யார் எதற்காகத் தோற்றார் என்று கேட்பதற்கு அங்கே ஆளில்லை. நம் தமிழ் ஊடகங்களும் அதையே அப்படியே எடுத்துச் சொல்கின்றன. 2022இல் லண்டன் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் பிரதமர் ஜான்சன் தோற்றார், எதிர்க்கட்சித் தலைவர் ஸ்டார்மர் வென்றார் என்றுதான் செய்தி சுற்றியது. அந்த இருவரின் பெயரும் எந்த பரோவின், அதாவது எந்த உள்ளாட்சிப் பிரிவின், கவுன்சில் வாக்குச்சீட்டிலும் இருக்கவில்லை.

உள்ளாட்சித் தேர்தல் என்பது அரசாங்கத்தைப் பற்றிய ஒரு கருத்துக்கணிப்பு, பொதுத் தேர்தலுக்கு ஒத்திகை, அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை என்ற எண்ணம் இப்போது எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் பொதுவான நம்பிக்கையாகிவிட்டது. அது தவறான நம்பிக்கை. வாக்காளர் யோசித்துப் போட்ட வாக்கைப் பிடுங்கி வேறொருவர் கணக்கில் எழுதுகிற நம்பிக்கை. கெட்ட நிர்வாகம் செய்த கவுன்சிலர்களுக்கு ஒளிந்துகொள்ள இடமும் தருகிறது.

ஒத்திகை என்ற வாதத்தை அதன் சொந்தக் கணக்கிலேயே பார்ப்போம். 1980களின் தொடக்கத்திலிருந்து பிபிசி உள்ளாட்சி முடிவுகளை வைத்து, நாடு முழுவதும் வாக்களித்திருந்தால் எந்தக் கட்சிக்கு எத்தனை சதவீதம் கிடைத்திருக்கும் என்று மதிப்பிட்டுச் சொல்கிறது. 2017 மே மாதம் அந்தக் கணக்கு கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 38, தொழிற்கட்சிக்கு 27 என்றது. 11 புள்ளி இடைவெளி. ஐந்தே வாரத்தில் நடந்த பொதுத் தேர்தலில் இரு கட்சிகளுக்கும் இடையே இரண்டரைப் புள்ளிகூட இல்லை. தெரசா மே பெரும்பான்மையை இழந்தார். 2019 மே மாதக் கணக்கில் இரு கட்சிகளும் 28க்கு 28 என்று சமமாக நின்றன. அதே டிசம்பரில் கன்சர்வேட்டிவ் கட்சி 11 புள்ளிக்கு மேல் முன்னணி பெற்று 80 இடப் பெரும்பான்மையோடு வந்தது. அந்தக் கணக்கைப் போடுகிறவர்கள் நேர்மையான அறிஞர்கள். இது பொதுத் தேர்தலுக்கான ஆரூடம் அல்ல என்று அவர்களே எச்சரிக்கிறார்கள். அந்த எச்சரிக்கை தலைப்புச் செய்திக்கு வந்து சேருவதில்லை.

சராசரிகளை விட்டு ஒரு குறிப்பிட்ட இரவுக்கு வருகிறேன். 2022 மே 5. லண்டனின் 32 பரோக்களும் வாக்களித்த நாள். மூன்று வாரத்துக்கு முன்புதான் பொதுமுடக்க விதியை மீறி நடந்த விருந்துக்காகப் பிரதமர் போரிஸ் ஜான்சனுக்குக் காவல்துறை அபராதம் விதித்திருந்தது. எரிவாயு, மின்கட்டணம் ஏறிக்கொண்டிருந்தது. அந்த இரவில் கன்சர்வேட்டிவ் கட்சி 1978 முதல் விடாமல் ஆண்ட வாண்ட்ஸ்வொர்த் கைமாறியது. 1964இல் நடந்த முதல் தேர்தலிலிருந்து ஒருமுறைகூடத் தொழிற்கட்சியிடம் போகாத வெஸ்ட்மின்ஸ்டர் பரோ 31க்கு 23 என்று போனது. பார்னெட் 41க்கு 22. தலைநகரம் ஜான்சனைத் தண்டித்தது என்று மறுநாள் எழுதினார்கள். கதை முடிந்தது என்று நினைத்தார்கள்.

எட்ஜ்வேர் சாலையில் பர்ன்ட் ஓக், எட்ஜ்வேர் கடைவீதிகள் வழியாக வடக்கே நடந்தவர்களுக்குத் தெரியும்: சாலையின் கிழக்கு நடைபாதை பார்னெட், மேற்கு நடைபாதை ஹாரோ. இரு பக்கத்திலும் ஒரே மாதிரிக் கடைகள், ஒரே பேருந்து, ஒரே தொலைக்காட்சிச் செய்தி. கிழக்குப் பக்கம் தொழிற்கட்சிக்குப் பெருவெற்றி. மேற்குப் பக்கம் அதே நாளில், அதே ஜான்சன் பிரதமராக இருக்கும்போது, தொழிற்கட்சியிடமிருந்து கவுன்சிலைப் பிடுங்கி 31க்கு 24 என்று கன்சர்வேட்டிவ் கட்சியிடம் கொடுத்தது. ஜான்சனின் விருந்துகளைப் பற்றிய செய்தி சாலையைக் கடக்கவில்லையா? ஒரு தேசிய அலை அடித்தது என்றால் அது நடுச்சாலையில் எப்படி நின்றது?

ஹாரோவில் அந்த வசந்தத்தில் வாசல் வாசலாகப் பேசப்பட்டது வேறு. தெருவோரத்தில் இரவோடிரவாகக் கொட்டப்படும் மெத்தைகளும் உடைந்த சோபாக்களும். இரண்டு மாடி வீடுகள் நிறைந்த புறநகரில் எழும்பும் உயரமான அடுக்குமாடிகள். லண்டனிலேயே கவுன்சில் வரி அதிகமுள்ள பரோக்களில் ஒன்றாக ஹாரோ இருப்பது. கோவிட் காலத்தில் வண்டிகளை மறித்துத் தெருக்களில் போடப்பட்ட தடுப்புகள். 2021இல் அவற்றைப் போட்ட கவுன்சிலே அகற்றிய பிறகும் ஆறாத எரிச்சல். கன்சர்வேட்டிவ் கட்சியின் வாக்குறுதிகளில் கடைத்தெருவில் ஒரு மணி நேரம் இலவசமாக வண்டி நிறுத்தும் வசதியும் ஒன்று. இதையெல்லாம் அற்பம் என்று நினைக்கிறவர்கள் மளிகைக்கடை வைத்துப் பிழைக்கிற ஒருவரிடம் போய் அப்படிச் சொல்லிப் பார்க்கட்டும்.

சாலையின் மறுபக்கத்துக்கும் தன் கதை உண்டு. பார்னெட் கவுன்சில் 2013இல் தன் பணிகளில் பெரும்பகுதியை கேபிட்டா என்ற தனியார் நிறுவனத்திடம் பத்தாண்டு ஒப்பந்தத்தில் ஒப்படைத்தது. அதைப் பற்றி ஊரில் பத்தாண்டாகச் சண்டை. அங்கே யூத மக்கள் கணிசமாக வாழ்கிறார்கள். 2018இல் ஜெரமி கோர்பின் தலைமையில் தொழிற்கட்சிக்குள் எழுந்த யூத வெறுப்புக் குற்றச்சாட்டு அந்த பரோவைத் தொழிற்கட்சிக்கு எட்டாமல் செய்தது. தலைமை மாறியதும் நிலைமை மாறியது. ஆம், இது தேசிய விவகாரம்தான். தேசிய அரசியலுக்குக் கவுன்சில் தேர்தலில் பங்கே இல்லை என்று நான் வாதிடவில்லை. ஆனால் பார்னெட் யூதக் குடும்பத்தின் அச்சத்தைச் சராசரிக் கணக்கு காட்டாது. பார்னெட்டைப் பார்த்தால்தான் தெரியும்.

வெஸ்ட்மின்ஸ்டர் பரோ 58 ஆண்டுக்குப் பிறகு கைமாறியதற்கு ஜான்சன் மட்டுமே காரணம் என்கிறவர்கள் மார்பிள் ஆர்ச் மேட்டை மறந்துவிட்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டு தெருவுக்கு மக்களைத் திரும்ப இழுக்கவென்று 2021 ஜூலையில் கவுன்சில் 25 மீட்டர் உயரத்துக்கு ஒரு செயற்கைக் குன்றைச் சாரக்கட்டின்மேல் எழுப்பியது. செலவு 60 லட்சம் பவுண்டைத் தொட்டது, முதலில் சொன்னதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. புல் கருகியது. ஏறிப் பார்த்தவர்கள் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். கவுன்சிலின் துணைத் தலைவர் பதவி விலகினார். வீட்டுக்காகக் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிற குடும்பம் அந்தக் குன்றைப் பார்த்து என்ன நினைத்திருக்கும் என்று தெரிந்துகொள்ளத் தேசியக் கருத்துக்கணிப்பு வேண்டாம்.

அன்று தொழிற்கட்சிக்கு ஆதரவாக அலை அடித்ததாகச் சொல்லப்படும் லண்டனிலேயே குரோய்டன் இருக்கிறது. 2018இல் 70 இடங்களில் 41ஐத் தொழிற்கட்சிக்குக் கொடுத்த பரோ. அந்த நிர்வாகம் சொந்தமாக வீடு கட்டும் நிறுவனம் தொடங்கிக் கடன் கொடுத்தது. சொத்துக்களை வாங்கிக் குவித்தது. 2020 நவம்பரில் வரவு செலவைச் சமன்செய்ய முடியாது என்று 114ஆம் பிரிவு அறிவிப்பு வெளியிட்டது. கவுன்சில் திவாலானதற்கு ஒப்பான நிலை அது. தெற்கு நார்வுட்டில் கவுன்சில் வீடுகளின் சுவரெல்லாம் ஈரமும் பூஞ்சையுமாக இருந்ததை அடுத்த ஆண்டு நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர் வேண்டும் என்று ஊர் மக்கள் பொதுவாக்கெடுப்பு நடத்தி வாங்கினார்கள். 2022 மே மாதம் அந்தப் பதவிக்குக் கன்சர்வேட்டிவ் வேட்பாளர் ஜேசன் பெரியை 600க்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் தேர்ந்தெடுத்தார்கள். அதே வாக்காளர்கள் அதே நாளில் கவுன்சிலில் தொழிற்கட்சிக்கு 34, கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 33, பசுமைக் கட்சிக்கு 2, லிபரல் டெமாக்ரட்டுக்கு 1 என்று யாருக்கும் பெரும்பான்மை கொடுக்காமல் விட்டார்கள். அவ்வளவு நுணுக்கமாக வாக்கைப் பிரித்துப் போட்டவர்களைப் பற்றி, கவுன்சில் தேர்தலில் மக்கள் யோசிப்பதில்லை என்று எப்படிச் சொல்ல மனம் வருகிறது?

டவர் ஹாம்லெட்ஸ் இன்னும் தூரம் போனது. 2015இல் தேர்தல் நீதிமன்றம் ஊழலும் சட்டவிரோதமுமான தேர்தல் நடவடிக்கைகளுக்குக் குற்றவாளி என்று தீர்த்துப் பதவியைப் பறித்து ஐந்தாண்டு தடை விதித்த லுத்ஃபுர் ரஹ்மானை, தடை முடிந்து திரும்பி வந்ததும் மேயராக்கினார்கள். அவருடைய ஆஸ்பயர் கட்சிக்கு 45இல் 24 இடம். பிரிட்டனில் வேறெங்கும் அந்தக் கட்சி ஆட்சியில் இருந்ததில்லை. அந்த முடிவு எனக்கு உவப்பானதல்ல. நீதிமன்றத் தீர்ப்பின் கனத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் ஜான்சனும் ஸ்டார்மரும் அதில் எங்கே இருக்கிறார்கள்?

இங்கே எதிர்த்தரப்பு தன் இரண்டாவது விளக்கத்தை எடுக்கும். ஹாரோவில் குஜராத்தி இந்துக்கள் அதிகம், டவர் ஹாம்லெட்ஸில் வங்காளி முஸ்லிம்கள் அதிகம், எல்லாம் சமூக வாக்கு என்பார்கள். ஹாரோ கிழக்குத் தொகுதியின் கன்சர்வேட்டிவ் எம்.பி. பாப் பிளாக்மன் 2024 பொதுத் தேர்தலில் பாதிக்கு மேல் வாக்கு வாங்கினார், நாட்டில் அந்தக் கட்சிக்கு அப்படிக் கிடைத்த ஒரே தொகுதி அது என்பதையும் சான்றாகக் காட்டுவார்கள். பிரிட்டிஷ் இந்தியர்களில் ஒரு பகுதி கன்சர்வேட்டிவ் பக்கம் நகர்ந்திருப்பது உண்மை. ஆனால் இதே ஹாரோ 2010, 2014, 2018 என்று மூன்று தேர்தல்களில் தொழிற்கட்சிக்கே பெரும்பான்மை கொடுத்தது. நான்கு ஆண்டுகளில் மக்கள் மதம் மாறிவிடவில்லை. பிளாக்மன் வென்ற அதே நாளில் அதே பரோவின் மேற்குத் தொகுதி தொழிற்கட்சியின் கேரத் தாமஸைத் திரும்ப அனுப்பியது. வெள்ளையர் வாக்களித்தால் அது கருத்து, மற்றவர் வாக்களித்தால் அது கூட்டம் என்று பிரிக்கிற பழக்கம் இந்த விளக்கத்துக்குள் இருக்கிறது. குஜராத்திக்காரரின் வாசலிலும் குப்பை கிடக்கிறது. அவரும் வரி கட்டுகிறார்.

ஹாரோவின் உள்ளூர் அரசியல் எவ்வளவு உள்ளூர்த்தன்மை உடையது என்பதற்குத் தமிழர்களுக்கு நெருக்கமான சான்று உண்டு. இலங்கைத் தமிழரான தயா இடைக்காடர் அந்தக் கவுன்சிலின் தலைவராக இருந்தார். 2013இல் தொழிற்கட்சிக் குழு இரண்டாகப் பிளந்தது. பிரிந்து வந்தவர்களைக் கொண்டு, கன்சர்வேட்டிவ் கவுன்சிலர்களின் தயவோடு அவர் தலைவராகத் தொடர்ந்தார். அதே செப்டம்பரில் அந்தத் தயவு விலக, கன்சர்வேட்டிவ் கட்சியின் சூசன் ஹால் தலைவரானார். பின்னாளில் லண்டன் மேயர் தேர்தலில் நின்ற அதே சூசன் ஹால்தான். ஒரே ஆண்டில் ஒரு பரோவின் ஆட்சி இப்படிப் புரண்டது. அப்போது நாட்டின் பிரதமரும் மாறவில்லை, பொதுத் தேர்தலும் நடக்கவில்லை.

தலைப்புச் செய்திகளில் எல்லாம் தேசிய அலை என்று பேசுகிற கட்சிக்காரர்கள் தங்கள் அறைக்குள் அப்படி நினைப்பதில்லை. 1986இல் வெஸ்ட்மின்ஸ்டர் பரோவில் கன்சர்வேட்டிவ் கட்சியின் பெரும்பான்மை மிகவும் மெலிந்தது. தலைவராக இருந்த ஷெர்லி போர்ட்டர், அடுத்த தேர்தலில் யார் பிரதமராக இருப்பார் என்று கவலைப்பட்டுக்கொண்டிருக்கவில்லை. இழுபறியான எட்டு வார்டுகளைத் தேர்ந்தெடுத்து, அங்கே கவுன்சில் வீடுகள் காலியாகும்போது ஏழைகளுக்கு வாடகைக்கு விடாமல் விற்கும் திட்டம் போட்டார். வாங்குகிறவர்கள் தம் கட்சிக்கு வாக்களிப்பார்கள் என்பது கணக்கு. தணிக்கையாளர் அதைச் சட்டவிரோதம் என்றார். 2001இல் பிரபுக்கள் சபை உறுதி செய்தது. 2004இல் 1.23 கோடி பவுண்ட் கட்டி அவர் வழக்கை முடித்துக்கொண்டார். வாக்குக்காக ஏழைகளை ஊரைவிட்டு நகர்த்தத் துணிந்தவர்களுக்கு, கவுன்சிலின் செயல்தான் கவுன்சில் தேர்தலைத் தீர்மானிக்கிறது என்பது மிக நன்றாகத் தெரிந்திருந்தது.

வாண்ட்ஸ்வொர்த்தின் 1990 முடிவைப் போல தேசிய அலை என்ற கோட்பாட்டைக் கிழிக்கும் முடிவு வேறில்லை. மார்கரெட் தாட்சரின் தலைவரி நாட்டையே கொதிக்க வைத்த ஆண்டு. மார்ச் 31 அன்று டிரஃபால்கர் சதுக்கத்தில் கலவரம். மே மாதத் தேர்தலில் நாடெங்கும் அவர் கட்சிக்கு அடி. வாண்ட்ஸ்வொர்த்தில் 1986இல் 31க்கு 30 என்று ஒரே இடத்தில் தொங்கிக்கொண்டிருந்த அதே கட்சி, அந்தக் கொந்தளிப்புக்கு நடுவே 48க்கு 13 என்று வென்றது. காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை: அங்கே ஆளுக்கு 148 பவுண்ட்தான் தலைவரி. மற்ற பல பரோக்களில் அதைப் போல இரண்டு மடங்கும் அதற்கு மேலும் வந்தது. அரசின் மானியக் கணக்கு வாண்ட்ஸ்வொர்த்துக்குச் சாதகமாக வளைக்கப்பட்டது என்று எதிர்க்கட்சிகள் குற்றம்சாட்டின. அதற்கும் இடமிருந்தது. ஆனால் வாக்காளர் தன் கையில் வந்த வரிச்சீட்டைப் பார்த்து வாக்களித்தார். கட்சியின் சேர்மனாக இருந்த கென்னத் பேக்கர் வாண்ட்ஸ்வொர்த், வெஸ்ட்மின்ஸ்டர் முடிவுகளைக் காட்டி, தாட்சருக்குக் கிடைத்த வெற்றி என்று நாட்டுக்கு விற்றார். நவம்பரில் தாட்சர் பதவியில் இல்லை. உள்ளூர் முடிவைத் தேசியக் கதையாக மாற்றி விற்றவர்களையே அந்தக் கதை ஏமாற்றியது.

இந்த வாதத்துக்கு மிகக் கடினமான இடம் கென்சிங்டன் அண்ட் செல்சி. 2017 ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் கோபுரம் எரிந்து 72 பேர் மாண்டார்கள். கட்டடம் கவுன்சிலுடையது, குடியிருப்போர் எச்சரித்திருந்தார்கள். பதினோரு மாதம் கழித்து நடந்த தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சி 50இல் 36 இடம் பெற்று ஆட்சியில் நீடித்தது. மக்கள் கவுன்சிலுக்குத்தான் தீர்ப்பளிக்கிறார்கள் என்றால் இது எப்படி என்று என்னிடம் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. கோபுரத்தின் நிழலில் வாழ்ந்தவர்கள் வடக்கு வார்டுகளில் இருந்தார்கள். அந்த வார்டுகள் முன்பே தொழிற்கட்சியிடம் இருந்தன. பரோவின் தெற்கே நாட்டின் மிகச் செல்வமான தெருக்கள். வார்டு வாரியாக, அதிக வாக்கு பெற்றவர் வெல்லும் முறையில், ஓரிடத்தில் குவிந்த துயரத்துக்கு அந்த ஓரிடத்துக்கு அப்பால் எடை கிடையாது. இது அந்த முறையின் அநீதி. நான் அதை மழுப்ப விரும்பவில்லை. ஆனால் இதற்குக் காரணம் தேடுகிறவர் பரோவின் வரைபடத்தை விரிக்க வேண்டும். லண்டனில் தொழிற்கட்சி பலமாக இருந்த ஆண்டு அது. தேசிய அலை என்ற விளக்கம் அங்கேயும் கைகொடுக்கவில்லை.

கவுன்சிலிடம் அதிகாரம் எங்கே இருக்கிறது, பணமெல்லாம் மத்திய அரசுடையதுதானே என்று கேட்பவர்களுடைய கேள்வியில் நியாயம் உண்டு. 2010க்குப் பிந்தைய எட்டு ஆண்டுகளில் அரசு கவுன்சில்களுக்குக் கொடுக்கும் நிதி, விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், ஏறக்குறையப் பாதியானது என்று தேசியத் தணிக்கை அலுவலகம் 2018இல் சொன்னது. அந்த வெட்டுக்கு ஆட்சியிலிருந்தவர்களே பொறுப்பு. ஆனால் பணம் சுருங்கும்போது யாருடைய பங்கை வெட்டுவது என்ற முடிவு கனமாகிறது. மூத்தோர் வீட்டுக்கு வரும் பராமரிப்பாளரின் நேரத்தையா, நூலகத்தையா, குழந்தைகள் மையத்தையா? அதைத் தீர்மானிக்கிறவர் கவுன்சிலர். ஒரே அரசு, ஒரே வெட்டு. குரோய்டன் விழுந்தது, எத்தனையோ பரோக்கள் விழவில்லை. சரேயிலுள்ள வோக்கிங் என்ற சிறிய பரோ அடுக்குமாடிக் கோபுரங்களுக்காக நூறு கோடி பவுண்டுக்கு மேல் கடன் வாங்கி 2023இல் 114ஆம் பிரிவு அறிவிப்பு விட்டது. அந்தக் கடனை வாங்கச் சொல்லி எந்தப் பிரதமரும் உத்தரவு போடவில்லை.

கருத்துக்கணிப்புக் கோட்பாடு யாருக்கு வசதி என்பது இங்கே தெரிகிறது. பரோவைக் கடனில் மூழ்கடித்த தலைவர் தோற்றதும், நாடு முழுவதும் காற்று எங்களுக்கு எதிராக அடித்தது என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம். வென்றவரும் தன் அறிக்கையை மறந்துவிடலாம்; ஜான்சனைப் பிடிக்காமல் போட்ட வாக்குதானே என்று. அதைவிட வருத்தமானது, பத்து ஆண்டு தன் வார்டில் தெருத் தெருவாக அலைந்து உழைத்த கவுன்சிலர், தான் போடாத வரிக்கும் தான் குடிக்காத விருந்துக்கும் தண்டிக்கப்படுவது. அது நடப்பதுண்டு. அலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அது தவிர்க்க முடியாத இயற்கை, அதுவே சரி என்று வாக்காளருக்குக் கற்பிப்பதைத்தான் எதிர்க்கிறேன். நீ போடும் வாக்கு வேறொருவருக்கான செய்தி மட்டுமே என்று திரும்பத் திரும்பச் சொன்னால், மூன்றில் ஒருவர் அளவில்தான் வாக்குச்சாவடிக்கு வருகிறார்கள் என்பதில் என்ன வியப்பு? வராதவர்களைச் சோம்பேறிகள் என்கிறார்கள். அவர்களிடம் சொல்லப்பட்டதை அவர்கள் நம்பினார்கள்.

தமிழர்களுக்கு இதில் சொந்த அக்கறை உண்டு. இந்த நாட்டில் வாக்களிக்க பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வேண்டும் என்று நினைக்கிறவர்கள் நம்மிடையே இன்னும் நிறைய. வேண்டியதில்லை. தங்கும் அனுமதியுள்ள காமன்வெல்த் குடிமக்கள், அதாவது இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள்கூட, தாங்கள் வாழும் பரோவின் பட்டியலில் பெயர் பதிந்து வாக்களிக்கலாம். போன ஆண்டு வேலைக்கு வந்த இளைஞருக்கும் படிக்க வந்த மாணவிக்கும் அந்த உரிமை உண்டு. வாடகை வீட்டில் ஈரம் வழிந்தால், வீட்டுக்காரர் உரிமம் இல்லாமல் அறை அறையாகப் பிரித்து விட்டால், நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் கவுன்சிலிடம் இருக்கிறது. கோயிலுக்குக் கட்டட அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள்தான். தேர்தலுக்கு 12 வேலைநாட்களுக்கு முன் பெயர் பதிய வேண்டும். 2023 மே முதல் வாக்குச்சாவடியில் படம் உள்ள அடையாள அட்டை காட்ட வேண்டும்; அது இல்லாதவர்கள் விண்ணப்பித்தால் கவுன்சிலே இலவசமாகச் சான்று தருகிறது. கதவைத் தட்டுகிற வேட்பாளரிடம் தேசியக் கட்சித் தலைவர்களைப் பற்றிக் கேட்க வேண்டாம். போன நான்கு ஆண்டில் வரவு செலவுக் கூட்டத்தில் எதற்குக் கை தூக்கினீர்கள் என்று கேளுங்கள். பதில் கவுன்சிலின் கூட்டக் குறிப்புகளில் பெயரோடு பதிவாகியிருக்கிறது.